பாதுகாப்புப் பகுதிகளைத் திட்டமிடும் மென்பொருள்கள்: கேள்வியிலிருந்து வரைபடம் வரை

எந்த இடங்களைக் காப்பது என்று திட்டமிடும் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “மார்க்ஸனா, ஸோனேஷனா, பிரயாரிட்டைசரா, எதைக் கற்றுக்கொள்ளட்டும்?” என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மூன்று மென்பொருள்களும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை. நம் கேள்வி எது என்று தீர்மானிக்காமல் மென்பொருளைத் திறந்தாலும் ஒரு வரைபடம் வந்துவிடும். பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரைபடத்தை நம்பி ஒரு குடும்பம் தொழில் செய்யும் இடத்தை இழக்கலாம், ஓர் உயிரினம் தன் கடைசி வாழிடத்தை இழக்கலாம். ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே பாதிக்கு மேல் இடம் கொடுக்கிறேன்.

தொகுப்பாகப் பார்ப்பது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காக்க வேண்டிய இனங்கள் ஆறு: தவளை, வௌவால், ஆந்தை, பல்லி, ஆர்க்கிட், நீர்நாய். நிலத்துண்டுகள் மூன்று. முதல் துண்டில் தவளை, வௌவால், ஆந்தை, பல்லி என நான்கு இனங்கள் இருக்கின்றன. இரண்டாவதில் தவளை, வௌவால், ஆர்க்கிட். மூன்றாவதில் ஆந்தை, பல்லி, நீர்நாய்.

இனம் அதிகமுள்ள இடத்தை முதலில் எடுப்போம் என்று தொடங்கினால் முதல் துண்டு கைக்கு வரும். அப்புறம் ஆர்க்கிட்டுக்காக இரண்டாவதையும் நீர்நாய்க்காக மூன்றாவதையும் சேர்க்க வேண்டியிருக்கும். ஆக மூன்றையும் எடுத்தாயிற்று. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் மட்டுமே இருந்தாலும் ஆறு இனங்களும் அடங்கிவிடும். எண்ணிக்கையில் முந்திய துண்டுதான் இங்கே தேவைப்படாத துண்டு.

ஓர் இடத்தின் மதிப்பு, ஏற்கெனவே எடுத்த மற்ற இடங்களைப் பொறுத்து மாறும். இதை நிரப்புத்தன்மை என்கிறோம். கிறிஸ் மார்குலிஸும் பாப் பிரெஸ்ஸியும் 2000-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, முறைசார் பாதுகாப்புத் திட்டமிடல் என்ற பெயரில் இந்தச் சிந்தனையைப் படிப்படியான வேலைமுறையாக்கியது. இன்று புழக்கத்தில் இருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

மூன்று துண்டு என்றால் விரல்விட்டுக் கணக்குப் போடலாம். நூறு துண்டு இருந்தால், எடுக்கலாம் அல்லது விடலாம் என்ற வகையில் உருவாகும் தொகுப்புகளின் எண்ணிக்கை 1-க்குப் பின்னால் 30 சைபர் போட்டதைவிட அதிகம். உண்மையான திட்டங்களில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் அலகுகள், அதாவது இப்படிப்பட்ட துண்டுகள், இருக்கும். மென்பொருள் தேவைப்படுவது இதற்காகத்தான்.

கேள்வி எதுவோ, கருவி அது

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். கூடவே வேலை செய்பவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வேறு திட்டங்களை மனதில் வைத்திருப்பது பல நேரம் வெளிப்படும். அந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே வெளியே வருவது நல்லது.

“ஒவ்வொரு வாழிடத்திலும் குறைந்தது 30% காக்கப்பட வேண்டும், அதற்கு ஆகும் இழப்பு முடிந்த அளவு குறைய வேண்டும்” என்று எழுதினால் அது குறைந்தபட்சத் தொகுப்புக் கேள்வி. இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது மார்க்ஸன். இயன் பாலும் ஹியூ பாசிங்ஹாமும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது. இந்தத் துறையில் உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படும் பெயர் இதுதான்.

“இவ்வளவு பணம்தான் இருக்கிறது, அதற்குள் எவ்வளவு இனங்களைக் காக்க முடியும்?” என்று எழுதினால் அது அதிகபட்சப் பலன் கேள்வி. இதை மார்க்ஸனுக்குள் திணிக்கலாம்தான், ஆனால் அதற்கு அது இயல்பான கருவி இல்லை. ஆர் என்ற நிரல் மொழியில் இயங்கும் பிரயாரிட்டைசர் இரண்டு கேள்விகளையும் நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஜெஃப்ரி ஹேன்சனும் கூட்டாளிகளும் உருவாக்கிய தொகுப்பு இது.

“இலக்கு என்று எதுவும் இல்லை, முழு நிலப்பரப்பிலும் எது முக்கியம், எது அடுத்தது என்று வரிசை வேண்டும்” என்றால் ஸோனேஷன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அத்தே மொய்லானெனின் குழு உருவாக்கியது. இப்போதைய ஐந்தாம் பதிப்பு 2022-இல் வந்தது. எந்தக் கட்டத்தை எடுத்தால் மொத்த இழப்பு மிகக் குறைவோ அதை முதலில் நீக்கு, அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது என்று போய், கடைசிவரை நீக்க முடியாமல் நின்றவற்றுக்கு உச்ச மதிப்பெண் கொடுக்கிறது என்று அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளலாம். 2008-இல் மடகாஸ்கரில் 2,315 இனங்களை ஒன்றாக வைத்து வெளியான ஆய்வு இதைக் கொண்டு செய்யப்பட்டதுதான். எறும்பு, பட்டாம்பூச்சி, தவளை, மரப்பல்லி, லெமூர், தாவரம் என்று ஆறு தொகுதிகள். ஒரு தொகுதியை மட்டும் வைத்துத் திட்டமிட்டால் மற்றவை விடுபடுகின்றன என்பதை அது எடுத்துக் காட்டியது.

என் சிபாரிசு இது. ஆர் மொழி கொஞ்சமாவது தெரியும் என்றால் பிரயாரிட்டைசரில் தொடங்குங்கள். நிரல் எழுதுவதே தயக்கம் என்றால், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கிளஸ் என்ற செருகுநிரலைப் போட்டு, அதன் வழியாக மார்க்ஸனை இயக்குங்கள். மார்க்ஸன் கேட்கும் கோப்புகளைக் கையால் தயாரிக்கும் பாட்டில் பாதியை அது குறைத்துவிடும். க்யூஜிஐஎஸ், கிளஸ், மார்க்ஸன், ஸோனேஷன், பிரயாரிட்டைசர் எல்லாமே இலவசம்.

தரவு

நேரம் அதிகம் போவது இங்கேதான். போகட்டும், தரவில் அவசரப்பட்டால் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

உயிரினப் பரவலுக்கு மூன்று வகைத் தரவு கிடைக்கும். ஜிபிஐஎஃப் போன்ற களஞ்சியங்களில் இருக்கும் பார்வைப் பதிவுகள், அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பட்டியலிடும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலின் பரவல் வரைபடங்கள், மேக்ஸென்ட் போன்ற மென்பொருள்களால் கணித்த பரவல் மாதிரிகள். மூன்றும் பொய் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு திசையில். பார்வைப் பதிவு, இருக்கும் இடத்தில் இல்லை என்று சொல்லும்; யாரும் போய்ப் பார்க்காத காடு அதில் வெறுமையாகத் தெரியும். பரவல் வரைபடம், இல்லாத இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். ஒரு பறவையின் எல்லைக்கோட்டுக்குள் நகரமும் வயலும் ஏரியும் சேர்ந்தே கிடக்கும். கணித்த மாதிரி, நீங்கள் கொடுத்த பதிவுகளின் சாய்வை அப்படியே நிலப்பரப்பு முழுவதும் பரப்பிவிடும்.

பதிவுகளை இறக்கியதும் முதல் வேலை சுத்தம் செய்வது. பூஜ்ய அட்சம் பூஜ்யத் தீர்க்கத்தில் விழுந்த புள்ளிகள், ஒரு நாட்டின் நட்டநடுவில் குத்திய புள்ளிகள், மாதிரியைச் சேமித்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் புள்ளிகள் எல்லாம் இருக்கும். ஆர் மொழியில் கோஆர்டினேட்கிளீனர் என்ற தொகுப்பு இவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும். சாலையோரச் சாய்வை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். புள்ளிகளைச் சாலை வரைபடத்தின் மேல் போட்டுப் பாருங்கள். சாலையை ஒட்டியே புள்ளிகள் ஓடினால், அது ஆய்வாளர்கள் எங்கே போனார்கள் என்ற வரைபடம். மேக்ஸென்ட்டில் ஒப்பிடுவதற்காக எடுக்கும் பின்னணிப் புள்ளிகளையும் அதே சாய்வோடு எடுத்தால் இதை ஓரளவு ஈடுகட்டலாம். அதே வகை உயிரினங்களுக்கான எல்லாப் பதிவுகளின் இடங்களையும் பின்னணியாகக் கொடுப்பது வழக்கமான முறை.

பரவல் வரைபடத்தைப் பயன்படுத்தினால் நுணுக்கத்தை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஆலன் ஹர்ல்பெர்ட்டும் வால்டர் யெட்ஸும் 2007-இல் காட்டியபடி, அவை ஏறத்தாழ 1 முதல் 2 டிகிரி அளவில்தான், அதாவது 100 முதல் 200 கிலோமீட்டர் கட்டத்தில்தான், நம்பகமானவை. 1 கிலோமீட்டர் கட்டத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால், அந்த இனம் வாழும் வாழிட வகை, உயர எல்லை இரண்டையும் வைத்துப் பரவலைச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் பாதுகாப்புப் பகுதிகளுக்கு உலகப் பாதுகாப்புப் பகுதிகள் தரவுத்தளம் இருக்கிறது. அதில் பலகோணங்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். ஒரே காடு தேசியப் பூங்காவாகவும் உலகப் பாரம்பரியக் களமாகவும் இரண்டு முறை வரும். ஒன்றாகக் கரைக்காமல் பரப்பளவைக் கூட்டினால் காத்த நிலம் இருமடங்காகத் தெரியும். “முன்மொழியப்பட்டது” என்ற நிலையில் இருப்பவற்றையும் நீக்கிவிடுங்கள். அறிவிக்காத பூங்கா எதையும் காப்பதில்லை.

எல்லா லேயர்களையும் (வரைபட அடுக்குகளையும்) சம பரப்பு வீழலுக்கு, அதாவது உருண்டைப் பூமியைப் பரப்பளவு மாறாமல் தட்டையாக்கும் முறைக்கு, மாற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள். டிகிரியில் வைத்தே அளந்தால், நிலநடுக்கோட்டில் இருக்கும் ஒரு டிகிரிக் கட்டமும் 60 டிகிரி அட்சத்தில் இருக்கும் ஒரு டிகிரிக் கட்டமும் ஒன்று என்று கணினி நினைக்கும். இரண்டாவதன் பரப்பு உண்மையில் முதலாவதில் ஏறக்குறைய பாதிதான்.

திட்ட அலகும் செலவும்

நிலப்பரப்பைத் துண்டு போட வேண்டும். சதுரம், அறுகோணம், நீர்ப்பிடிப்புப் பகுதி, பட்டா எல்லை என எதுவாகவும் இருக்கலாம். நிஜத்தில் நிலம் எந்த அலகாக வாங்கப்படுமோ நிர்வகிக்கப்படுமோ அந்த அலகே சிறந்தது. அப்படி ஒன்று இல்லாத கடல் போன்ற இடத்தில் அறுகோணம் நல்லது; பக்கத்து அலகுகள் ஆறுமே பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும், முனையில் மட்டும் தொடும் அண்டை இருக்காது. தரவின் நுணுக்கத்தைவிடச் சிறிய அலகு வெட்டாதீர்கள். 10 கிலோமீட்டர் தரவை 500 மீட்டர் அறுகோணத்தில் போட்டால் துல்லியமாகத் தெரியும், துல்லியமாக இருக்காது.

செலவு லேயரைத்தான் பலரும் கடைசி நிமிடத்தில் ஒப்புக்குச் சேர்க்கிறார்கள். முடிவை அதிகம் தள்ளுவதும் அதுதான். நில விலை, நிர்வாகச் செலவு, மீன்பிடி இழப்பு, விளைச்சல் இழப்பு எதையும் வைக்கலாம். எல்லா அலகுக்கும் 1 என்று போட்டுவிட்டால் சமநிலை என்று நினைக்கிறோம். அலகுகளின் அளவு வேறு வேறு என்றால் அது சமநிலை இல்லை. பெரிய அலகில் எல்லாமே அதிகம் இருக்கும், விலையோ அதே 1, ஆகவே மென்பொருள் பெரிய அலகுகளை அள்ளிக்கொள்ளும். வேறு தரவே இல்லையென்றால் பரப்பளவைச் செலவாக வையுங்கள்.

மனிதர்கள் ஓர் இடத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டும் மனிதத் தடம் குறியீட்டைச் செலவாக வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தரவு எளிதில் கிடைக்கிறது என்பதால் எனக்கும் அந்த வசதி புரிகிறது. ஆனால் அப்படிச் செய்தால் மனிதர்கள் போகாத மலையுச்சியும் பாலையும் மலிவாகத் தெரியும், மென்பொருள் அங்கேயே போய் நிற்கும். லூகாஸ் ஜோப்பாவும் அலெக்சாண்டர் ஃபாஃபும் 2009-இல் உலகப் பாதுகாப்புப் பகுதிகளை ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: அவை உயரமான, சரிவான, சாலைக்கும் நகரத்துக்கும் தொலைவான இடங்களையே நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. யாரும் அழிக்கப் போகாத இடத்தைக் காப்பதால், அழிந்துகொண்டிருக்கும் சமவெளி வாழிடத்துக்கு எந்தப் பயனும் இல்லை. இந்தச் செலவைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு வாழிட வகைக்கும் தனி இலக்கு வைத்துச் சமவெளியைக் கட்டாயமாக்குங்கள்.

இலக்கு

2022 டிசம்பரில் குன்மிங்-மாண்ட்ரியல் உலகளாவிய பல்லுயிர்ச் சட்டகம் ஏற்கப்பட்ட பிறகு, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30% காக்க வேண்டும் என்ற எண் எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. அது மொத்தப் பரப்புக்கான எண். ஒவ்வோர் இனத்துக்கும் 30% என்று நீங்கள் அப்படியே எழுதிவிட்டால், ஒரே ஓடையில் மட்டும் வாழும் தவளைக்கு அந்த ஓடையில் 70 சதவீதத்தைக் கைவிடத் தயார் என்று சொன்னதாகிறது. கண்டம் முழுவதும் பரவிய பறவைக்கோ 30% என்பது மற்ற இனங்களின் இடத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

பரவலுக்கு ஏற்ப இலக்கை மாற்றுவதே சரி. ஆனா ரோட்ரிகஸும் கூட்டாளிகளும் 2004-இல் வெளியிட்ட உலக இடைவெளி ஆய்வின் விதி இன்றும் நல்ல தொடக்கம்: பரவல் 1,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் இருந்தால் 100%, 2,50,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் 10%, இடையில் இருப்பவற்றுக்கு மடக்கை (லாகரிதம்) அளவில் படிப்படியாகக் குறைப்பது. உதாரணமாக, சுமார் 15,800 சதுர கிலோமீட்டர் பரவியிருக்கும் ஓர் இனம் இந்த மடக்கை அளவில் நட்டநடுவில் வரும்; அதன் இலக்கு 55%. பிரயாரிட்டைசரில் இந்த விதிக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. இனத்தின் அழியும் நிலையைப் பொறுத்து அதன் மேல் நீங்கள் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் ஏன் கூட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்கு முன்னால் ஓர் இடைவெளிக் கணக்கு போடுங்கள். இப்போதிருக்கும் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் ஒவ்வோர் இனமும் எத்தனை சதவீதம் இருக்கிறது? சில இனங்கள் இலக்கை ஏற்கெனவே தாண்டியிருக்கும், சில பூஜ்யத்தில் நிற்கும். திட்டம் உண்மையில் யாருக்காக என்பது அந்த அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மார்க்ஸன் உருவகப்படுத்திய அனீலிங் என்ற முறையில் தேடுகிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை மெல்ல மெல்ல ஆறவிடுவது போல. தொடக்கத்தில் மோசமான மாற்றங்களையும் ஏற்றுக்கொண்டு பரந்து தேடும். போகப்போக, முன்னேற்றம் தரும் மாற்றங்களை மட்டுமே ஏற்கும். ஒவ்வோர் ஓட்டமும் வேறு தொகுப்பில் போய் முடியலாம் என்பதால் 100 முறை ஓட்டுவது வழக்கம். பிரயாரிட்டைசர், உச்ச விடையையே கணித வழியில் தேடும் முழு எண் நேரியல் நிரலாக்கத்தைப் பயன்படுத்துகிறது. உச்ச விடையிலிருந்து எவ்வளவு விலகல் வரை அனுமதி என்று நாம் சொல்லலாம். இந்தக் கணக்கைத் தீர்க்கும் நிரலைச் சால்வர் என்கிறோம்; குரோபி என்ற சால்வரில் தானாக வரும் மதிப்பு 0.1, அதாவது உச்சத்திலிருந்து 10% வரை விலகலாம். சோதனை ஓட்டங்களுக்கு அது போதும். யாரிடமாவது காட்டப் போகிற விடைக்கு 0.01 அல்லது 0 என்று மாற்றிவிடுங்கள். குரோபி கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். வெளியே இருப்பவர்களுக்கு ஹைஸ், சிபிசி என்ற இலவச சால்வர்கள் இருக்கின்றன, கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

மார்க்ஸனில் இரண்டு திருகாணிகளைச் சரியாக முடுக்க வேண்டும்.

ஒன்று, இனத் தண்டனைக் காரணி. ஓர் இனத்தின் இலக்கை எட்டாவிட்டால் எவ்வளவு தண்டனை என்பது அது. குறைவாக வைத்தால், இலக்கை எட்டுவதைவிடத் தண்டனை கட்டுவதே மலிவு என்று மென்பொருள் முடிவெடுத்துவிடும். வரைபடத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சிறந்த ஓட்டத்துக்கான விடுபட்ட மதிப்புகள் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியையும் படியுங்கள். அதில் இனத்தின் பெயர், இலக்கு, கிடைத்த அளவு, எட்டியதா இல்லையா என்று இருக்கும். இல்லை என்று வந்த வரியில் இலக்கில் 98% எட்டியிருக்கிறதா 40% எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பெரும்பாலும் சின்னத் தண்டனை உயர்வில் சரியாகிவிடும். இரண்டாவது வந்தால், அந்த இனத்தின் வாழிடம் முழுவதும், தேர்வாகக் கூடாது என்று நாம் விலக்கிய அலகுகளுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் எந்தத் தண்டனையும் உதவாது. எல்லா இனத்துக்கும் ஒரேயடியாகப் பெரிய எண் போடுவதும் தவறு. தேடல் இறுகிப்போய், தேவைக்கு மேல் செலவான விடைகள் வரும். இலக்கு எட்டும்வரை மட்டும் உயர்த்துங்கள்.

மற்றது, பிஎல்எம் என்று சுருக்கமாகச் சொல்லும் எல்லை நீளப் பெருக்கி. இது பூஜ்யமாக இருந்தால் சிதறிய அறுகோணங்கள் வரும், நிர்வகிக்க முடியாது. அதிகமானால் ஒரே பெரிய திட்டாக உறைந்துவிடும், செலவு எகிறும். எண்ணைப் போடும் முன் அலகைக் கவனியுங்கள். 1 கிலோமீட்டர் சதுரத்தின் சுற்றளவு மீட்டரில் 4,000, கிலோமீட்டரில் 4. செலவு 1 என்ற அளவில் இருக்க எல்லை 4,000 என்ற அளவில் இருந்தால் எந்தப் பெருக்கியும் அதிகமாகத்தான் தெரியும். கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் 0, 0.001, 0.01, 0.1, 1, 10 என்று பத்து மடங்காக ஏற்றி ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவையும் மொத்த எல்லை நீளத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். எல்லை வேகமாகக் குறைந்து, செலவு லேசாக மட்டும் கூடிய இடத்தில் கோடு வளையும். அந்த வளைவைச் சுற்றி இன்னும் நெருக்கமாக நாலைந்து மதிப்புகளை ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆய்வுப் பகுதியின் வெளி விளிம்பையும் மறக்காதீர்கள். விளிம்பில் இருக்கும் அலகின் வெளிப்பக்கத்தை எல்லைக் கோப்பில் சேர்க்காவிட்டால் அந்தப் பக்கத்துக்குச் செலவே இல்லை என்றாகும், தேர்வுகள் எல்லாம் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முழுவதும் சேர்த்தால் ஓரத்தை விட்டு ஓடும். பாதி மதிப்பு கொடுப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

இடங்களுக்கு நடுவே விலங்குகள் நகர வேண்டும் என்றால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. எல்லையைச் சுருக்குவது வேறு, இணைப்பு வேறு. அதற்குச் சர்க்யூட்ஸ்கேப், லிங்கேஜ் மேப்பர் போன்ற மென்பொருள்கள் தனியாக இருக்கின்றன. அவற்றின் விடையை ஒரு லேயராகத் திரும்ப இங்கே கொண்டுவரலாம்.

விடையைப் படிப்பது

மார்க்ஸன் “சிறந்த தீர்வு” என்று ஒன்றைத் தரும். எல்லோரும் அதைத்தான் முதலில் அச்செடுக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். 100 ஓட்டங்களில் ஓர் அலகு எத்தனை முறை தேர்வானது என்ற தேர்வு எண்ணிக்கைதான் உபயோகமானது. 95 முறை வந்த அலகும் 12 முறை வந்த அலகும் சிறந்த தீர்வில் ஒரே நிறத்தில் இருக்கலாம். முதலாவதை விட்டுக்கொடுப்பது கடினம். இரண்டாவதுக்கு மாற்று நிறைய இருக்கிறது. அதே நேரம், 100 முறை வந்தது என்பதற்காக அது ஈடில்லாத இடம் என்று முடிவு கட்டவும் முடியாது. நீங்கள் உள்ளே பூட்டியதாக, அதாவது கட்டாயம் தேர்வாக வேண்டும் என்று குறித்ததாக, இருக்கலாம், வெறுமனே மலிவான அலகாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய நேரான வழி ஒன்று இருக்கிறது. அந்த அலகை வெளியே பூட்டிவிட்டு, அதாவது தேர்வாகவே கூடாது என்று குறித்துவிட்டு, மறுபடி தீர்வு காணுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு கூடுகிறதோ அதுதான் அந்த அலகின் மாற்றுச் செலவு.

கடல் திட்டம் ஒன்றின் கலந்தாய்வில் வயதான மீனவர் ஒருவர் திரையில் ஓர் அறுகோணத்தின் மேல் விரலை வைத்து, நாங்கள் தலைமுறையாக வலை வீசும் இடம் இது, இது ஏன் உள்ளே வந்தது என்று கேட்டார். அந்த அலகின் வரியைத் திறந்து காட்டினேன். அதில் கடற்புல் மட்டும் இருந்தது. அங்கேயே அதை வெளியே பூட்டி மறுபடி ஓட்டினோம். பக்கத்து அலகுகள் இரண்டு உள்ளே வந்தன, இலக்குகள் எல்லாம் எட்டின, செலவு கொஞ்சமே கூடியது. அதை எடுத்துவிட்டோம். அடுத்து இன்னொருவர் வேறோர் அறுகோணத்தைக் காட்டினார். அதையும் அதேபோல் செய்தோம். இந்த முறை தீர்வே இல்லை என்று செய்தி வந்தது, ஏனென்றால் அந்தப் பகுதியில் ஒரு மீன் இனம் கூடி முட்டையிடும் இடம் அது ஒன்றுதான். அது வெளியே போனால் எந்த மீன் இல்லாமல் போகும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மீனை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகு பேச்சு அந்த இடத்தை எந்த மாதங்களில் மூடுவது என்பதற்கு நகர்ந்தது.

இந்த வேலைக்கு இப்படி எல்லோர் முன்னாலும் அலகைப் பூட்டித் திறந்து காட்டுவதுதான் மென்பொருளின் மிகப் பெரிய பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்தயாரிப்பு வேண்டும். ஓர் ஓட்டம் ஓரிரு நிமிடத்துக்குள் முடியும் அளவுக்கு அலகுகளைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, கூட்டத்துக்கென்றே தனிப் பிரதி ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். எந்த அலகைத் தொட்டாலும் அதில் என்னென்ன இருக்கிறது, எத்தனை முறை தேர்வானது, மாற்றுச் செலவு எவ்வளவு என்று காட்டும் அட்டவணையை க்யூஜிஐஎஸ்-இல் இணைத்து வையுங்கள்.

பெரிய திட்டங்களும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் கடல் பூங்காவில் எங்கே என்ன செய்யலாம் என்று மண்டலங்களை மறுபடி வகுத்தபோது, பகுதியை வாழிடமும் உயிரினங்களும் ஒத்திருக்கும் 70 உயிர்ப்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறைந்தது 20% மீன்பிடித்தல் இல்லாத பகுதியாக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மார்க்ஸன் உட்படப் பல கருவிகள் தொடக்க வரைவுக்கு உதவின. பொதுமக்களிடமிருந்து 31,000-க்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன, எல்லைகள் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. 2004 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது மீன்பிடித்தல் இல்லாத பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து சுமார் 33 சதவீதமாகியிருந்தது. அந்த இறுதி வரைபடம் மென்பொருளின் எந்த ஓட்டத்திலிருந்தும் அப்படியே வந்தது இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இலக்கு எட்டுகிறதா என்று சரிபார்க்க முடிந்தது.

சேமித்து வைக்க வேண்டியவை

கூட்டம் முடிந்ததும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். எந்த அலகு யார் கேட்டதால் உள்ளே வந்தது, எது எந்தக் காரணத்துக்காக வெளியே போனது என்று அலகு எண்ணோடு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஓட்டத்தின் எல்லா அமைப்பு மதிப்புகளையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும், சீரற்ற எண் விதையையும் (தேடல் எந்த எண்ணிலிருந்து தொடங்கியது என்பதையும்) அதே கோப்புறையில் வையுங்கள். விதை இல்லாவிட்டால் மார்க்ஸன் அதே விடையைத் திரும்பத் தராது. உள்ளீட்டுத் தரவின் பிரதியையும் சேர்த்தே வையுங்கள், இணைப்பு முகவரியை மட்டும் குறித்து வைத்தால் போதாது. உலகப் பாதுகாப்புப் பகுதிகள் தரவுத்தளம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே எந்த மாதத்துப் பிரதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.